உயர் இரத்த அழுத்தமும் பிரசவ வலியும்

வயிற்றை அறுக்காமல் இயல்பான வழியில் குழந்தை பிறந்துவிட்டால் அதைச் சுகப்பிரசவம் என்று சொல்வது தமிழர் வழக்கு. பன்னிரண்டு மணி நேரமோ பதினெட்டு மணி நேரமோ அந்தப் பெண் இடுப்புவலியில் துடித்துக் கிடந்திருந்தாலும் அந்தச் சொல் மாறுவதில்லை. வலி பிரசவத்தோடு கூடப் பிறந்தது, அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. உடல்நலத்தில் குறையேதும் இல்லாத பெண் ஒருத்தி அவ்வாறு தாங்கிக்கொள்ள விரும்பினால் அது அவளுடைய உரிமை என்று விட்டுவிடலாம். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறிவிட்ட பெண்ணின் நிலை அப்படிப்பட்டதன்று. அவளது உடம்பில் வலி வெறும் துன்பமாக நின்றுவிடாமல், ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தூபம் போடும் காரணிகளில் ஒன்றாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, வலிப்பைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றோடு வலி நீக்கத்தையும் சிகிச்சைத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே இன்றைய மகப்பேறு மருத்துவம் கருதுகிறது.

கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவை எட்டி, சில மணி நேர இடைவெளியில் மீண்டும் அளந்தபோதும் இறங்காதிருந்தால் அது உயர் அழுத்தம். 160/110 என்ற அளவைத் தொட்டு அங்கேயே நின்றால் அது உடனடியாக மருந்து கொடுத்துக் குறைக்கவேண்டிய கடும் நிலை. சிலருக்குக் கருத்தரிக்கும் முன்பே அழுத்தம் இருந்திருக்கும். சிலருக்கு இருபதாவது வாரத்துக்குப் பின் அழுத்தம் மட்டும் ஏறும். வேறு சிலருக்கு அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும் இறங்கும், அல்லது கல்லீரல், சிறுநீரகம், இரத்தத் தட்டணுக்கள், மூளை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் தென்படும். இந்த மூன்றாம் வகைக்குத்தான் ப்ரீஎக்ளாம்ப்சியா என்று பெயர். அது முற்றி வலிப்பில் முடிந்தால் எக்ளாம்ப்சியா. ஊர்ப்புறத்தில் ‘பிரசவத்தில் ஜன்னி கண்டது’ என்று தாழ்ந்த குரலில் பேசப்பட்ட மரணங்களில் பல இந்த வலிப்பால் நேர்ந்தவையாகவே இருந்திருக்கும். உலகில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை ப்ரீஎக்ளாம்ப்சியா தோன்றுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இந்நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருப்பைச் சுவரின் சிறு தமனிகள் தளர்ந்து விரிந்து, குறுகிய ஓடைகளாக இருந்தவை அகன்ற வாய்க்கால்களாக மாறவேண்டும்; அந்த மாற்றம் பாதியில் நின்றுவிட்டால் நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. இரத்தத்துக்கு ஏங்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் குருதியில் கலக்கிறது. அவை அவளது உடல் முழுவதிலும் உள்ள இரத்தக்குழாய்களின் உள்வரியைப் புண்படுத்த, குழாய்கள் இறுகி, அதே வேளையில் ஒழுகவும் தொடங்குகின்றன. இதன் விளைவு விசித்திரமானது. முகமும் கைகால்களும் வீங்கி, உடம்பெல்லாம் நீர் கோத்ததுபோல் தெரியும் பெண்ணின் இரத்தக்குழாய்களுக்குள் இருக்கவேண்டிய நீர் குறைந்துபோயிருக்கிறது. வெளியே வெள்ளம், உள்ளே வறட்சி என்ற இந்த முரணை மனத்தில் கொள்ளவேண்டும். வலி நீக்கத்தின் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இடுப்புவலி எடுக்கும்போது கருப்பை இறுகி, தன்னுள் இருந்த இரத்தத்தில் ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாயின் சுற்றோட்டத்துக்குள் பிழிந்து தள்ளுகிறது. இதயத்தின் வேலைப்பளு கூடி, அழுத்தம் ஒருமுறை எழும்பி அடங்குகிறது. அதே வேளையில் வலியும் அச்சமும் அட்ரினலின் முதலிய நெருக்கடிக்கால சுரப்புகளைக் கூட்டுகின்றன. அவை நாடித்துடிப்பை விரைவுபடுத்தி, குழாய்களை மேலும் இறுக்கி, கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தையும் குறைக்கின்றன. வலி தாளாமல் வேகவேகமாக மூச்சிரைக்கும் பெண்ணின் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதால், குருதி சுமந்து செல்லும் ஆக்சிஜன் குழந்தையின் பக்கம் கைமாறுவதும் தடைப்படுகிறது. நலமான தாயும் சேயும் இவற்றையெல்லாம் சமாளித்துவிடுவார்கள். நஞ்சுக்கொடி முன்பே பட்டினி கிடக்கும் நிலையில், அழுத்தம் ஏற்கெனவே 150-ஐத் தாண்டி நிற்கும் நிலையில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழும் அலை ஒவ்வொன்றும் மூளையின் மெல்லிய குழாய்களை முட்டிப் பார்க்கிறது. இந்நோயில் தாய்மார்களைக் கொல்லும் காரணங்களில் மூளை இரத்தக்கசிவு முதல் வரிசையில் நிற்பது என்பதால் இந்த முட்டலைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது.

பிரசவ வலியை மருந்தால் தணிக்கும் முயற்சியின் நவீன வரலாறு ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. 1847 ஜனவரியில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் பிரசவத்துக்கு ஈதரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்முக்கு மாறினார். வேதனையோடு பிள்ளை பெறவேண்டும் என்பது இறைவன் கட்டளை என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி தம் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கைக்குட்டையில் துளித்துளியாக விட்டுக் கொடுத்த குளோரோஃபார்ம் அந்த எதிர்ப்பின் கூர்மையைப் பெருமளவு மழுக்கியது. இன்று பிரசவ வலி நீக்கத்தில் தலைமை இடம் வகிக்கும் எபிடூரல் முறை, அதாவது முதுகெலும்புக்குள் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தி நரம்புகளை மரக்கச் செய்யும் முறை, 1921-இல் ஸ்பெயினின் இராணுவ அறுவை மருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது.

ஆனால் அம்முறை பிரஷர் உள்ள பெண்களை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று. எபிடூரல் மருந்து வலி நரம்புகளோடு இரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் தளர்த்துவதால் அழுத்தம் இறங்கும். உள்ளே நீர் வறண்டு கிடக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா பெண்ணுக்கு அது சடாரென்று சரிந்து, குழந்தைக்குச் செல்லும் கொஞ்சநஞ்ச இரத்தமும் நின்றுவிடுமோ என்ற அச்சம் மருத்துவர்களைப் பல பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்தது. ஏட்டளவில் நியாயமான அச்சந்தான். 1972-இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் ப்ரீஎக்ளாம்ப்சியா உள்ள பெண்களுக்குப் பிரசவத்தில் எபிடூரல் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள்; எண்பதுகளில் நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் எபிடூரலுக்குப் பின் அது குறைவதற்கு மாறாகக் கூடுவதைக் கண்டார்கள். இறுகிய குழாய்கள் தளர்ந்தால் நீரோட்டம் சீராகும் என்பதை நினைத்தால் இதில் வியப்புக்கு இடமில்லை. ஆயினும் அளந்து பார்க்கும்வரை அப்படி நினைக்கத் துணிந்தவர்கள் சிலரே.

அச்சத்தை நேருக்கு நேர் சோதித்த இரண்டு ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன. டெக்ஸாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், கர்ப்பகால உயர் அழுத்தம் உள்ள 738 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு எபிடூரலும் மறு பாதியினருக்குச் சிரை வழியாகப் பெத்திடின் என்ற அபின் வகை மருந்தும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. எபிடூரல் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் நடந்தது; எபிடூரல் போட்டால் கடைசியில் கத்திக்குத்தான் போகவேண்டிவரும் என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அலபாமாவிலிருந்து வந்தது இன்னும் சிறிய, ஆனால் கடும் நோய் உள்ள 116 பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்ட ஆய்வு. எபிடூரல் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கு அழுத்தம் இறங்கி, மருந்து கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அஞ்சியதுபோல் பேரிடராக எதுவும் நிகழவில்லை. மறுபுறம், அபின் வகை மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் 54 விழுக்காட்டினருக்கு அந்த மருந்தின் மந்தத்தை முறிக்கும் மாற்று ஊசி தேவைப்பட்டது. எபிடூரல் பக்கம் அந்த எண் 9 மட்டுமே. தாயைக் காப்பதாக எண்ணி எபிடூரலைத் தவிர்த்தபோது சேய் விலை கொடுத்துக்கொண்டிருந்தது என்று இதைப் படிக்கலாம்.

‘முதுகில் ஊசி’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயன்தரும். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, தலையணை ஒன்றை மார்போடு அணைத்து, தாடையை நெஞ்சில் பதித்து முதுகைப் பூனைபோல் வளைக்கும்படி பெண்ணிடம் சொல்கிறார்கள். நிறைமாத வயிற்றோடு அது எளிதன்று என்பதால் செவிலியர் ஒருவர் எதிரே நின்று அவளது தோள்களைத் தாங்கிக்கொள்கிறார். மயக்கவியல் மருத்துவர் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கையால் தடவி அடையாளம் கண்டு, அதன் நேர்க்கோட்டில் முள்ளெலும்புகளின் இடைவெளியைத் தேர்ந்து, தோலை மரக்கச் செய்தபின், வலி அலை ஒன்று ஓய்ந்து அடுத்தது எழுமுன் ஊசியைச் செலுத்துகிறார். ஊசியின் பின்புறம் உப்புநீர் நிரம்பிய சிரிஞ்சு பொருத்தப்பட்டிருக்கிறது. தசைநார்களுக்குள் ஊசி நகரும்வரை சிரிஞ்சின் தண்டு கட்டைவிரலை எதிர்த்து நிற்கும். உரிய வெளியை ஊசிமுனை அடைந்த கணம் அந்த எதிர்ப்பு சட்டென்று மறைந்து தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எந்தக் கருவித் திரையும் காட்டாத அந்தக் கணத்தை மருத்துவரின் விரல்தான் உணர்கிறது. பிறகு சேமியா இழை பருமனுள்ள மெல்லிய குழாய் ஒன்றை ஊசிக்குள் நுழைத்து, ஊசியை உருவி, குழாயை மட்டும் முதுகில் பிளாஸ்டரால் ஒட்டிவிடுகிறார்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வயிற்றின்மேல் வைத்து, குளிர்ச்சி எதுவரை தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்டு, மருந்து எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்பதை அறிகிறார்கள்.

குழாய் உள்ளே இருப்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. சிசேரியனுக்குப் போடப்படும் தண்டுவட ஊசி ஒரே தவணையில் தண்டுவட நீருக்குள் மருந்தைக் கலந்துவிடுவது. அது சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழ் முழுவதையும் மரத்துப்போகச் செய்து, இரண்டொரு மணி நேரத்தில் விலகிவிடும். எபிடூரலிலோ பூபிவக்கேன் அல்லது ரோபிவக்கேன் என்னும் மரக்கும் மருந்தை ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நீர்க்கச் செய்து, அதில் ஃபென்டனில் என்னும் அபின் வகை மருந்தைத் துளியளவு சேர்த்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் குழாய் வழியே செலுத்திக்கொண்டே இருக்கலாம். கருப்பை இறுகுவதை அவள் உணர்வாள். அது அவளைக் கிழிப்பதை உணரமாட்டாள். இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுப்பதால் அழுத்தமும் படிப்படியாகவே இறங்குகிறது. முற்காலத்தில் அழுத்தம் சரியாமலிருக்க ஒரு லிட்டர் அளவுக்கு முன்கூட்டியே குளுக்கோஸோ உப்புநீரோ ஏற்றுவது வழக்கமாக இருந்தது. ஒழுகும் குழாய்களை உடைய இந்தப் பெண்களுக்கு அந்த நீர் நுரையீரலில் போய்க் கோத்துக்கொண்டு மூச்சுத்திணறலைக் கொண்டுவந்தது. இப்போது மணிக்கு ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் என்ற அளவில் நீரை எண்ணிக் கொடுத்து, அழுத்தம் இறங்கினால் குழாய்களை இறுக்கும் மருந்தைச் சிறு அளவில் செலுத்திச் சரிசெய்கிறார்கள். பிரசவ அறையில் ட்ரிப்ஸ் மெதுவாக ஓடுகிறதே என்று கவலைப்படும் உறவினர்களுக்கு இந்தக் காரணத்தை எவரேனும் விளக்கினால் நல்லது.

இவையெல்லாம் இருந்தும், பிரஷர் உள்ள பெண்ணுக்கு எபிடூரலைப் பரிந்துரைப்பதற்கு வலியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ப்ரீஎக்ளாம்ப்சியாவில் எந்த நேரத்திலும் நிலைமை திரும்பிவிடலாம். நஞ்சுக்கொடி பிரிந்துவிடலாம், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிவிடலாம், பத்து நிமிடத்தில் வயிற்றைத் திறக்கவேண்டிய கட்டாயம் நேரலாம். அப்போது முதுகில் குழாய் இல்லாத பெண்ணுக்கு, நேரம் இல்லாத நெருக்கடியில், முழு மயக்கம் கொடுக்கவேண்டி வரக்கூடும். முழு மயக்கத்துக்காக மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தும்போது, மயங்கிய நிலையிலும் உடல் அதற்கு எதிர்வினையாற்ற, இரத்த அழுத்தம் மிகக் கடுமையாக எகிறுகிறது; மூளையில் குருதி கசிவதற்கு அது வாய்ப்பான கணம். உடல் வீக்கத்தோடு தொண்டையும் வீங்கியிருப்பதால் குரல்வளையின் திறப்பே தெரியாமல் குழாய் போடுவது திண்டாட்டமாகிவிடுவதும் உண்டு. முன்பே எபிடூரல் குழாய் இருந்தால், அதே குழாய் வழியாகச் செறிவு கூடிய மருந்தைச் செலுத்தி, பெண் விழித்திருக்கும்போதே அறுவையைத் தொடங்கிவிடலாம். ஆகவே வலி தாங்கமுடியாமல் அவள் கேட்கும்வரை காத்திருக்காமல், வலி தொடங்கும் கட்டத்திலேயே, மருத்துவருக்கும் அவளுக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்கும்போதே, குழாயை அமைத்துவிடுவது நலம் என்ற கருத்து மயக்கவியலாரிடையே வலுத்திருக்கிறது. வெறும் வலி நீக்கமாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள் ‘பொறுத்துக்கொள்ள முடிகிறதே, இப்போது எதற்கு’ என்று கேட்பது இயல்பு. கேள்வி பொறுமையைப் பற்றியதாக இல்லை என்பதே விடை.

முன்கூட்டிப் போடுவதற்கு இன்னொரு காரணம் தட்டணுக்கள். இரத்தம் உறைவதற்கு முதற்காரணமான இந்த நுண்ணணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருப்பது இயல்பு. கடும் ப்ரீஎக்ளாம்ப்சியாவில், குறிப்பாகச் சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் நொதிகள் ஏறி, தட்டணுக்கள் குறையும் ஹெல்ப் என்ற கூட்டு நோயில், இந்த எண் சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். தட்டணு குறைந்த நிலையில் முதுகில் ஊசி குத்தினால் உள்ளே இரத்தம் கசிந்து கட்டி, தண்டுவடத்தை நசுக்கி, கால்கள் செயலிழக்கும் ஆபத்து மிக அரிதாகவேனும் உண்டு. எந்த எண்வரை பாதுகாப்பு என்ற கேள்விக்கு 2021-இல் அமெரிக்க மகப்பேறு மயக்கவியல் வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவு, வேறு இரத்தக்கசிவுக் குறிகள் இல்லாதபோது எழுபதாயிரமும் அதற்கு மேலும் இருந்தால் தயங்கவேண்டியதில்லை என்பது. ஐம்பதாயிரத்துக்கும் எழுபதாயிரத்துக்கும் இடையில் முழு மயக்கத்தின் ஆபத்தையும் ஊசியின் ஆபத்தையும் ஆள் பார்த்து எடைபோடவேண்டும். நேற்று மாலை எடுத்த இரத்தப் பரிசோதனை இன்று காலைக்கு உதவாது என்பதும், ஹெல்ப் நோயில் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த எண்ணிக்கையையே நம்பவேண்டும் என்பதும் இதன் தொடர்ச்சி. பிரஷர் வராமல் தடுக்கக் கர்ப்பகாலத்தில் பலருக்கும் கொடுக்கப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தன்னளவில் எபிடூரலுக்குத் தடையாகாது. ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கடைசி ஊசி எப்போது என்று சொல்லியாக வேண்டும்.

எபிடூரல் எதைச் செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அழுத்தம் சற்று இறங்குவது அதன் பக்க விளைவு. லாபெட்டலால், ஹைட்ரலசின், நிஃபெடிபின் போன்ற அழுத்த மருந்துகளுக்கு அது மாற்றாகாது. வலிப்பையும் அது தடுக்காது. அந்த வேலைக்கு மக்னீசியம் சல்பேட் இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, வலிப்பு வரும் வாய்ப்பை இம்மருந்து பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையைப் போட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் வழிமுறை இருக்கிறது. மருந்து ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவுவதுபோல் தோன்றும். மிகையானால் முதலில் முழங்கால் அனிச்சைத் துள்ளல் மறையும், பிறகு மூச்சே அடங்கும் என்பதால்தான் செவிலியர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், மணிக்கு எவ்வளவு சிறுநீர் என்று அளப்பதும். முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்தின் விளைவை மக்னீசியம் நீட்டித்துவிடும் என்பது முழு மயக்கத்தைத் தவிர்க்க விரும்புவதற்கு மேலும் ஒரு காரணம்.

எபிடூரல் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தட்டணு குறைந்தவர்களுக்குப் போடவும் முடிவதில்லை. அந்நிலையில் மாற்று வழிகளைத் தேர்வதில் பிரஷர் உள்ள பெண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் சரிபாதியாகக் கலந்த வாயுவை வலி எழும்போது தானே முகமூடி வழியாக இழுத்துக்கொள்ளும் முறை அழுத்தத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. வலியை முழுதாகத் தீர்ப்பதும் இல்லை. பெத்திடின் ஊசி நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. அது உடலில் சிதைந்து உருவாகும் பொருள் வலிப்பைத் தூண்டவல்லது, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அது வெளியேறாமல் சேர்ந்துகொள்ளும். வலிப்பு வாசலில் நிற்கும் நோயில் இதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது விவேகமாகாது. இந்தியப் பிரசவ அறைகளில் பழக்கமான டிரமடால் ஊசிக்கும் வலிப்பைத் தூண்டும் அதே குணம் உண்டு. மருந்தில்லா வழிகள் எவையும் இந்த நோயில் கெடுதல் செய்வதில்லை: இடுப்பைத் தேய்த்துவிடுதல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல், சீராக மூச்சுவிடப் பழக்குதல், நம்பிக்கைக்குரிய பெண் ஒருத்தி கூடவே இருத்தல். தமிழக அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருத்தியைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் வழக்கம் இவ்வகையில் மருந்துக்கு நிகராக மதிக்கத்தக்கது.

எபிடூரலுக்கும் விலை உண்டு. குழந்தை இறங்கும் இரண்டாம் கட்டம் சற்று நீளும். டாலஸ் ஆய்வில் ஆயுதம் போட்டு எடுக்கவேண்டி வந்தவர்கள் எபிடூரல் பக்கம் கூடுதலாகவே இருந்தார்கள். சிலருக்குக் காய்ச்சல் காணும். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் முக்குவது அழுத்தத்தை எகிறச் செய்யும் என்பதால், கடும் பிரஷர் உள்ள பெண்ணுக்கு அந்த முக்கலைச் சுருக்க ஆயுதமோ வாக்குவமோ உதவுவதையே சில வேளை மருத்துவர் விரும்பக்கூடும். ஊசி போட்டால் ஆயுள் முழுதும் இடுப்புவலி என்பது தமிழ்க் குடும்பங்களில் வலுவாக வேரூன்றிய நம்பிக்கை. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்திருக்கிறது. பிள்ளை சுமந்த முதுகு ஊசி இல்லாமலே வலிக்கும்.

கதை மறுபடியும் ஸ்காட்லாந்துக்கே திரும்புகிறது. 2007 முதல் 2019 வரை அங்கே பிரசவ வலி கண்ட 5,67,216 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், எபிடூரல் பெற்றவர்களுக்குப் பிரசவத்தையொட்டி உயிரை அச்சுறுத்தும் கடும் சிக்கல்கள் நேரும் வாய்ப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. உடல்நிலை காரணமாகவே எபிடூரல் பரிந்துரைக்கத் தக்கவர்களில் அந்தக் குறைவு 50 விழுக்காடு. இது குலுக்கலில் பிரித்துச் சோதித்த ஆய்வன்று. பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னது. எபிடூரல் போட்ட பெண்ணின் அருகே கண்காணிப்பும் கூடுதலாக இருக்கும் என்பதால் நன்மை முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் அந்த ஆய்வில் மனத்தை உறுத்தும் செய்தி வேறொன்று: எபிடூரலால் மிகுந்த பயன் அடையக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அது கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் இலவச மருத்துவம் உள்ள நாட்டின் நிலை இது. இரவு முழுதும் பிரசவ அறைக்கென்று தனி மயக்கவியல் மருத்துவர் இருப்பதே அரிதான ஊர்களில் இந்த விகிதத்தை ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை.

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்ததும் நோயின் வேர் அறுபடுகிறது. நோய் அன்றே முடிந்துவிடுவதில்லை. உதிரப்போக்கைத் தடுக்கப் பலருக்கும் போடப்படும் எர்கோமெட்ரின் ஊசி அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் இவர்களுக்கு அதைத் தவிர்த்து ஆக்சிடோசினைக் கொடுக்கிறார்கள். தட்டணுக்கள் பிரசவத்துக்குப் பின் ஓரிரு நாளில்தான் அடிமட்டத்தைத் தொடக்கூடும் என்பதால், முதுகுக் குழாயை உருவுமுன் இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பதும், உருவிய குழாயின் நுனி முழுதாக வந்திருக்கிறதா என்று கவனிப்பதும், கால்களில் வலு திரும்புகிறதா என்று சோதிப்பதும் நடைமுறை. இரத்த அழுத்தமோ மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஓர் உச்சத்தை எட்டுகிறது. அப்போது பெரும்பாலும் தாய் வீடு திரும்பியிருப்பாள். அந்த நாட்களில் அவளுக்குத் தலைவலி வந்தால் வீட்டார் பழியை முதுகு ஊசியின்மேல் போட்டுவிட்டுக் காபி போட்டுக் கொடுப்பார்கள். ஊசி தவறுதலாக உட்புற உறையைத் துளைத்திருந்தால் தலைவலி வருவது உண்மைதான், எபிடூரல் போட்ட நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அப்படி நேர்கிறது. ஆனால் அந்த வலி எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், தட்டையாகப் படுத்தால் பெரும்பாலும் அடங்கும். படுத்தாலும் அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்கம் வலிப்பது ஆகியவை இருந்தால் அது பிரஷராக இருக்கலாம். எப்படிப்பட்ட தலைவலியானாலும் அழுத்தத்தை உடனே அளந்து பார்த்து, 160-ஐத் தொட்டிருந்தால் அன்றிரவே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும்.